உதைக்கும் கணக்கு

ராட்டர்டாம். காலை பத்தரை.
வழக்கறிஞரின் விலாசத்தைப் படித்துவிட்டு
யூரியான் போனில் கேட்டான்:
"அது நம்ம காப்பிக் கிடங்கு இல்ல?"

அதேதான்.
பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்
கம்பிவேலிக் கிழிசலில்
முதலில் என் கோட்டைத் திணித்தான்,
பிறகு என்னை.
கூரையில் பாதி வானம்.
எங்கும் புறா எச்சம்.
துறைமுகம் கடலோரம் குடிபெயர்ந்த பின்
யாருக்கும் வேண்டாத கட்டடம்,
எங்கள் இருவருக்கும் போதுமாயிருந்தது.
தூண் ஒன்றில் சாக்குக்கட்டியால் எழுதிய மூட்டைக்கணக்கு.
டார்ச் அடித்துக் கூட்டிப் பார்த்தோம்.
கணக்கு உதைத்தது.
யாரோ மூட்டை திருடியிருக்கிறான் என்று
விடியும்வரை சிரித்தோம்.

இன்று லிஃப்ட்டுக்குக் குரல் இருக்கிறது.
மூன்றாம் மாடி என்கிறது, நன்றி என்கிறது.
வழக்கறிஞர் ஹாவர்காம்ப் அம்மாளின் வரவேற்பறையில்
அந்தத் தூண்.
கண்ணாடி போட்டு
கீழே ஒரு சின்ன விளக்கும் வைத்திருக்கிறார்கள்
தப்புக் கணக்குக்கு.

பூனை எனக்கு. படகு அவனுக்கு.
வீட்டை விற்று ஆளுக்குப் பாதி.
பதினெட்டு நிமிஷம்.
பேனாவை நாங்களே வைத்துக்கொள்ளலாமாம்.

வெளியே வந்தால் காற்று.
படகுத்துறையில்
கடுகு மஞ்சள் பூசிய பழைய கிரேன்,
அதன் காலடியில்
ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது.
யூரியானுக்குப் புதுத் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை.
மணப்பெண்ணின் முந்தானைத் துணியைத் தாண்டிப் போய்
அடியில் குனிந்து பார்த்தான்.

"பத்தவச்சுட்டாங்க, மடையனுங்க.
வேலை முடிஞ்சா பூட்டைத் திறந்து விட்டுடணும்.
காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்
அதுவா திரும்பிக்கும்.
பிடிச்சு நிறுத்தினா ஒருநாள் ஒடியும்."

சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தேன்.
இல்லை,
கிரேனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

கப்பல் கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்தேன்.
சீருடைக்காரர் வந்து
இது உட்காருவதற்கு இல்லை என்றார்.
எதற்கு என்று கேட்டேன்.
யோசித்தார் பாவம்,
கப்பல் இல்லாத தண்ணீரைப் பார்த்தபடி.

அக்கரைக்குப் போகும் நீர்டாக்சி
மாஸ் ஆற்றில் திரும்பிக்கொண்டிருந்தது.
"ஆறு மூட்டை குறைஞ்சுது இல்ல?" என்றான்.
"ஏழு."
"ஆறுடி."
"ஏழு, யூரியான்."

மேலே போய்ப் பார்த்துவிடலாம்தான்.
இப்போது அந்தக் கதவுக்கு
அட்டை வேண்டும்.