மஞ்சள் சீட்டு நேரம்

டண்டீயில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஏழுக்கு நான் சீட்டு ஒட்டும் கருவியோடு வருவேன்.
அதற்குள் குளிர்பெட்டிகளைச் சுற்றி ஆட்கள்,
யாருமே காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல்.
ஒருவர் தயிர் டப்பாவில்
என்னத்தையோ இருபது நிமிஷமாய்ப் படிக்கிறார்.

டக். கோழி, பாதி விலை.
டக். ரொட்டி, கால் விலை.
கைகள் நீள்கின்றன,
முகங்கள் வேறெங்கோ பார்க்கின்றன.

இஷ்பெல் இன்று கேக் பக்கம் நிற்கிறாள்,
பேருந்து ஓட்டும் சீருடையைக்கூட மாற்றாமல்.
சாக்லேட் கேக். மேலே பச்சை டைனோசர்,
வால் கொஞ்சம் நசுங்கி.
டக்.
"ஃபெர்கஸுக்கா?"
"வெள்ளிக்கிழமைதான் ஒன்பது முடியுது.
ஆனா கேக்குக்கு இன்னையோட முடியுதே."
"பையனுக்குக் கிழமை தெரியாதா?"
"தெரியும்.
தெரியாத மாதிரி இருந்துக்குவான்."

மெழுகுவர்த்தி ஏழாம் வரிசையில்.
அதற்குக் காலாவதித் தேதி கிடையாது,
ஆகவே என் சீட்டும் கிடையாது.
போன வருஷத்து எட்டு
வீட்டில் பத்திரமாய் இருக்கிறதாம்.
பெட்டிக்கு இருபத்து நாலு.
ஒற்றையாய் விற்பதில்லை.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் இஷ்பெல்,
அடியில் எங்காவது
ஒரு தேதி இருக்குமா என்று.