விழுந்த கணக்கு

மழை தொடங்கிய மறுநாள் காலை
மணிக்கட்டுகள் வரத் தொடங்கும்.
சயான் ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில்
பதினாலு வருஷமாக
எனக்கு அதுதான் ஆனி, ஆடி.
ரயில்வே பாலத்துப் படியில் வழுக்கியது ஒன்று,
மீன்கூடையோடு ஒன்று,
பைக்கிலிருந்து இரண்டு.
எப்படி விழுந்தீங்க என்று கேட்பேன்.
கையை ஊன்றினேன் என்பார்கள்.
எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறார்கள்.

பெனிட்டாவின் காறை எலும்பு
எங்கள் வீட்டு இரும்பேணியில் போனது.
தாராவியில் மாடிவீடு என்றால்
சுவரில் சாத்திய ஏணிதான், பதினோரு படி.
அப்போது அவளுக்கு ஐந்து.
என் கையாலேயே எட்டுக்கட்டு போட்டேன்.
எலும்பு ஒரு மாதத்தில் கூடிவிட்டது.
பயமும் கூடியது;
அது வேறு கூடல்.
ஒன்றரை வருஷம் இடுப்பில் தூக்கித்தான் இறக்கினேன்,
ஏழு நடக்கிற பிள்ளையை.
பால்காரர் தினமும் சிரித்தார்.

மாநகராட்சிப் பள்ளியில் சனி, ஞாயிறு
ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு என்று நோட்டீஸ்.
படிவத்தில் மராட்டியில் பலன்கள்:
வலிமை, வளைவு, ஒழுக்கம், கவனம்.
டானிக் பாட்டிலின் ஒட்டுச்சீட்டைப் படிப்பது போலிருந்தது.
கீழ்வீட்டு ஜெபக்கனி கேட்டாள்,
"பொம்பளப் புள்ள தலகீழா நின்னு
என்னத்த சாதிக்கப் போறா?"
எனக்கும் பதில் தெரியவில்லை.
நூற்றைம்பது ரூபாய் கட்டினேன்.

சொல்லித் தருகிறவர் பெயர் சுலபா.
அவரிடம் எதுவும் சுலபமில்லை.
தாயீ, தாயீ என்று பிள்ளைகள் சுற்றி வரும்.
மராட்டியில் அதற்கு அக்கா என்று பொருள்.
தெரிந்திருந்தும்
முதல் வாரம் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கம்பி இல்லை, வளையம் இல்லை.
ஒரு மாதம் முழுக்க
டேப் ஒட்டிய நீல மெத்தையில்
விழ மட்டுமே விட்டார்.
முகவாயை நெஞ்சில் வை.
முதுகை உருட்டு.
கையை ஊன்றாதே.
வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன்.
நான் எப்போதும் பிந்திச் சொல்வதை
ஒருத்தர்
முந்திச் சொல்கிறார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை
என்பவர்களையே பார்த்து வளர்ந்தவள் நான்.
இவள் வரும்போதே கணக்கோடு வருவாள்:
"இன்னைக்குப் பதினேழு தடவ விழுந்தேம்மா.
ஷாஹீனா பன்னெண்டுதான்."

அவள் கையில் சுண்ணத்தூள்.
என் நகக்கண்ணில் காய்ந்த மாவு.
தொண்ணூறடி சாலையில் வடாபாவ்காரன்
இரண்டு வெள்ளைக் கைகளையும் பார்த்துவிட்டு
பேப்பரை ஒரு மடிப்பு கூடுதலாய்ச் சுற்றித் தருவான்.

இப்போது உள்ளங்கை அகல மரத்தில் நடக்கிறாள்.
பார்ப்பது மரத்தை அல்ல,
மரம் முடிகிற இடத்தை.
கணக்குப் பாடத்தில் இன்னும் முப்பத்தெட்டுதான்.
வெண்டைக்காயை ஒதுக்குவதும் நிற்கவில்லை.
ஆனால் போன செவ்வாய் விடியுமுன்
குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு
நான் எழுந்திருப்பதற்குள்
வாளியோடு இறங்கியிருந்தாள்,
பதினோரு படியும்,
ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
படிவத்தில் அது எழுதியிருக்கவில்லை.

அன்று ராத்திரி
சிலிண்டருக்கும் பீரோவுக்கும் நடுவே
இரண்டு போர்வையை மடித்துப் போட்டாள்.
"இப்ப நீ விழும்மா."
முப்பத்தொன்பது வயது, எழுபத்திரண்டு கிலோ.
சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன்.
எத்தனை மணிக்கட்டு கட்டியவள் நான்,
என் கையும் தானாகத்தான் முன்னால் நீண்டது.
"கைம்மா, கை!"
மறுபடி நின்றேன்.
முகவாய். முதுகு.
ஒரு நொடி கூரை கீழே இருந்தது.

கீழ்வீட்டிலிருந்து ஜெபக்கனி
துடைப்பக்கட்டையால் இரண்டு இடி இடித்தாள்.
பெனிட்டா அதைக் காதில் வாங்கவில்லை.
என் கையை எடுத்து
ஒரு விரலை மடக்கினாள்:
"ஒண்ணு."