லோரிப்ளாட்ஸ் வளைவு

மிர்யாம் லூதியின் பதினொரு பாட்டுகள்
என் சமையலறை லாச்சியில் கிடக்கின்றன,
பழைய திறப்புகளுக்கும் திகதி முடிந்த குளிசைகளுக்கும் நடுவே,
ஒரேயொரு மினிடிஸ்க்கில்.
உறையில் அவள் கையெழுத்து: வேண்டாதவை, 2003.
அதன் கீழே பென்சிலால்: எறியாதே.
எதை எந்த மனநிலையில் எழுதினாள் என்று
நான் கேட்கவில்லை.

வெளிவந்த ஒரே இசைத்தட்டு அறுநூற்று நாற்பது விற்றது.
மிச்சம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.
ஒரு பெட்டி அவளுடைய கட்டிலின் ஆடுகிற காலுக்கு.
பேர்ண் பேச்சுமொழியில் பாடுவாள்.
புரியவில்லை என்றது சூரிச்.
புரிகிறதே, பிறகென்ன பாட்டு என்றது பேர்ண்.

அப்போது நான் ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவினேன்,
சனிக்கிழமைகளில் சாமத்தியவீடுகளுக்குக் கீபோர்ட்.
அவளுக்குக் காசு கேட்காத ஒருவன் வேண்டியிருந்தான்.
எனக்கு, தாலாட்டும் டிஸ்கோவும் ஒரே நாளில் கேட்காத ஒருத்தி.
என் சமையலறைச் சுவர் ஓடுகளில்
அவள் குரல் பட்டுத் திரும்பும்போது கொஞ்சம் வயது கூடியிருக்கும்.
இரைகிறதென்று பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பதிந்தோம்.
இரண்டு தடவை பால் திரைந்தது.

நாலாவது பாட்டு.
ஒண்டு, ரெண்டு, மூண்டு
என்று எண்ணித் தொடங்குவாள்.
நாலு வராது, அதற்குள் பாட்டு வந்துவிடும்.
ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
மாதக் கடைசியில் நான் சில்லறை எண்ணும்போது
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் திறப்பை நான் தொலைக்கவில்லை,
நீ பூட்டை மாற்றினாய்,
என்கிற இடத்தில்தான்
வெளியே ட்ராம் வளைந்தது. நீளமாய் ஒரு கீச்சு.
நான் கையை எடுத்துவிட்டேன்.
அவள் நிறுத்தவில்லை.
அந்தக் கீச்சின் சுருதியைப் பிடித்து,
அதற்கு அரைச்சுரம் மேலே ஏறி,
ட்ராம் பெஸ்டலோட்ஸி பக்கம் போய் மறையும்வரை
அங்கேயே நின்றாள்.
பிறகு சிரித்தாள்.
சிரிப்பும் பதிந்திருக்கிறது, இருமலோடு.

பஞ்சு ஒட்டிய அறையில் மறுபடி பாடவைத்தார்கள்.
ட்ராம் வந்த இடத்தில் ஒரு கிட்டார்.
சுத்தமாக இருந்தது.
கடைசி நேரத்தில் அதையும் தூக்கிவிட்டார்கள்.

போன ஐப்பசியில் கொலோனிலிருந்து ஒரு பெடியன் வந்தான்.
யோரிஸ் என்று பெயர்,
அவள் பாடுவதை விட்ட வருடத்தில் பிறந்தவன்.
லாச்சியில் உள்ளதை முன்னூறு தட்டாக அடிக்க ஆசை.
என் கோப்பியைக் குடிக்காமலே
நாலாவது பாட்டை ஐந்து தரம் கேட்டான்.

மிர்யாம் இப்போது தூனில் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள்.
தொலைபேசியில் சொன்னேன். பின்னால் ட்ரையர் இரைந்தது.
"சிரிப்பை வெட்டுவானா?"
"இல்லையாம். அதுதானாம் வேணும்."
ட்ரையர் நின்றது.
"அப்ப யோசிக்கவேணும்," என்றாள்.
யோசிக்கிறாள்.
கார்த்திகை போய்விட்டது.

நான் இப்போது ட்ராம் ஓட்டுகிறேன்.
அன்றைக்கு ஐந்தாம் எண், இன்றைக்கு ஆறு,
தெரு அதே தெரு.
லோரிப்ளாட்ஸில் அந்த மூன்றாம் மாடி யன்னலுக்கு
யாரோ நீலத் திரை போட்டிருக்கிறார்கள்.
மழைநாளில் சக்கரம் வாய் திறக்காது.
காய்ந்த குளிரில், விடியற்காலையில்
கீச்சு வரும்,
ஏறக்குறைய அதே சுருதி,
மேலே அரைச்சுரம் காலியாக.

பதினெட்டில் போகலாம் அந்த வளைவில்.
நான் பன்னிரண்டுக்கு இறக்குகிறேன்,
மெல்லப் போனால் கொஞ்சம் நீளும்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.

பின் இருக்கையில் யாரோ
கடிகாரத்தைப் பார்க்கிறார்.