பொருளின் நிலை

ஏழு கிலோ எந்திரம், மேலே திறக்கும் வகை.
பதினெட்டுத் தவணையில் பதின்மூன்று கட்டியிருந்தோம்.
சித்திரை இடியில் ஒரு சாயங்காலம்
கொழிஞ்சாம்பாறை முழுக்கக் கரண்டு போய்
திரும்பி வந்தபோது முந்நூறு வோல்ட்டுக்கு மேலே வந்தது.
உள்ளே என் இரண்டு சுடிதார்,
பெலவேந்திரனின் லுங்கி,
நுரையோடு அப்படியே.

இடிக்கு வாரண்டி கிடையாதாம்.
பழுது பார்க்க ஒன்பதாயிரம்.
ஆக்கர் கடையில் முழுசுக்கும் அறுநூறு.
"அறுநூறுக்குக் கொடுப்பதற்கு
அதில் கோழி சுடலாம்" என்றான் இவன்.
மூன்று நாள் நான் பேசவில்லை.
நான்காம் நாள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

டிரம் வெளியே வந்தது,
எவர்சில்வர், உடம்பெல்லாம் துளை.
தண்ணீர் போகப் போட்ட துளை வழியே
காற்று வராதா என்ன?
அடிப் பிளாஸ்டிக்கைக் கழற்றி
மூன்று ஹாலோ பிளாக் மேல் உட்கார வைத்தோம்,
துவைக்கிற கல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில்.

மேலே வைக்கப் பழைய ஃபிரிட்ஜின் கம்பித்தட்டு கிடந்தது.
பட்டறை ஜெபமாலை பிடுங்கி வீசினாள்:
"சூட்டில் பூச்சு விஷமாகும், அறிவு வேண்டாமா?"
எட்டு எம்.எம். துண்டுக் கம்பிகளை அவளே ஒட்டித் தந்தாள்.
கூலி நூற்றிருபது.
அப்புறம், சுடுகிற அன்று ஒரு கால் துண்டு.

கொப்பரைக் களத்தில் சிரட்டை, சாக்கு அறுபது.
குழியில் கொட்டித் தீ வைத்து
வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும்போது
தகரம் மூடி ஓரமெல்லாம் மண் அணைக்கணும்.
முதல் தடவை அவசரப்பட்டுத் திறந்தேன்.
எல்லாம் சாம்பல்.
அடுத்த தடவை ராத்திரி முழுக்க விட்டு
விடிந்து எடுத்துத் தட்டினால்
கண்ணாடி வளையல் சத்தம்.

கோழி அக்கரையில் கிலோவுக்கு இருபத்திரண்டு ரூபாய் குறைவு.
வேலந்தாவளம் தாண்ட மொபெட்டில் போனான்.
செக்போஸ்ட்டில் டயருக்கெல்லாம் மருந்தடிக்கிறார்கள்:
பறவைக் காய்ச்சல்,
இந்த வாரம் எந்தக் கோழியும்
எந்தப் பக்கமும் போகக்கூடாது.
வழியில் மீன் ஆட்டோவை மறித்து
இரண்டு கிலோ மத்தியோடு வந்து நின்றான்.
கால் கேட்டவளுக்கு வால்.

காந்தாரி மிளகாய், மஞ்சள், உப்பு, புளி.
கரியை ஒரு பக்கம் ஒதுக்கி
மீனை மறு பக்கம் வைத்தேன்;
மத்திக்குக் கொழுப்பு அதிகம், சொட்டினால் தீ எழும்பும்.
நனைத்த கொய்யாக் குச்சி நாலு போட்டு
கல்யாணத்துக்கு வந்த அண்டாவைக் கவிழ்த்து மூடினோம்.
இத்தனை வருஷத்தில் அதற்கு இதுதான் முதல் வேலை.

புகை வேலிக்கு அப்பால் போன நேரம்
தவணைக்காரப் பையன் ஷைஜு வந்தான்.
பணம் மட்டும் போதாதாம் இப்போது,
பொருளோடு நாங்கள் நிற்கிற படமும் வேணுமாம்.
"சேச்சி, மெஷின் எவிடெ?"
கையைக் காட்டினேன்.
துளைக்கு ஒரு சிவப்பாக
எரிந்துகொண்டிருந்தது.

அவன் டேப்பில் மூன்று கட்டம்:
இயங்குகிறது. பழுது. காணவில்லை.
பழுது என்றால் மேலாளர் வருவார்,
காணவில்லை என்றால் போலீஸ் என்றான்.
ஜெபமாலை ஒன்றும் சொல்லாமல்
வாழையிலையில் இரண்டு மத்தி வைத்து நீட்டினாள்.
முள்ளோடு மென்றான்.
"கொள்ளாம்" என்று இன்னொன்று கேட்டான்.
பிறகு சட்டையில் விரலைத் துடைத்து
முதல் கட்டத்தைத் தொட்டான்.
படத்தில் அண்டாவும் வந்திருக்கிறது.

அவன் போனதும் மிச்சக் கனலைக் கிடுக்கியால் பொறுக்கி
பெயின்ட் டின்னில் போட்டு இறுக்கி மூடினேன்.
காற்றில்லாமல் அணைந்த கரி
இன்னொரு ஞாயிற்றுக்கு ஆகும்.

அந்த வாரம் கல்லில் துவைத்துக் காயப்போட்டதெல்லாம்
கொய்யாப் புகை பிடித்துக்கொண்டது.
எடை மேடையில் சீட்டு வாங்க வருகிற லாரிக்காரர்கள்
என் ஜன்னலில் குனிந்து, மூக்கை உறிஞ்சி,
பக்கத்தில் சாப்பாட்டுக்கடை எங்கே என்கிறார்கள்.
இன்னும் நாலு தவணை.