ஒரே சத்தம்

ஞாயிற்றுக்கிழமை அட்டனில் இங்கிலீஷ் வகுப்பு.
பாமசிக்கு மேல்மாடி, பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை.
ஜன்னலில் பஸ் புகையும் பனிப்புகாரும்
எது எதுவென்று தெரியாமல்.
டில்ஹானி டீச்சர் பலகையில் எழுதுகிறார்
பிளேன், அதற்குக் கீழே மறுபடியும் பிளேன்.
ஒன்று பறக்கும். மற்றது வெறும்.
"சொல்லும்போது ஒண்ணுதான் பிள்ளைகள்,
எழுதும்போது கவனம்."

எனக்கா தெரியாது.
பால்மா விலை ஏறின அதே மாதம்
ரெண்டு பிளேனும் எங்கள் காம்பராவுக்கு வந்தன.
ஒன்றை உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு குடித்தோம்.
மற்றது தங்கச்சி கௌசியை ஏற்றிக்கொண்டு
குவைத்துக்குப் போனது.

நாலு வருசம்.
போன சனிக்கிழமை போன் வந்தது.
"கௌசியின் பெட்டி வருது" என்றேன் பீலியடியில்.
துவைத்த துணியை அப்படியே விட்டு
சிவனம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.
ஐயோ, அந்தப் பெட்டி இல்லை அக்கா,
சில்லு வைத்த பெட்டி. ஆளும் கூடவே வாறாள்.
பாருங்கள், இது இங்கிலீஷுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

அன்று ராத்திரிதான் துரைக்குக் கடிதம் எழுதினேன்,
கணக்கப்பிள்ளைக்குக் காட்டாமல், முதல்முதலாக, நானே.
ஐ லீவ். மன்டே. டியூஸ்டே. வெட்னஸ்டே.
கையெழுத்தை மட்டும் தமிழில் வைத்தேன், பயத்தில்.

வியாழன் பெரட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை.
செக்ரோலில் சிவப்புக் கோடு.
"நீதானே எழுதிக் குடுத்த, வேலைய விட்டுப் போறேன்னு"
என்றார் கணக்கப்பிள்ளை. அவர் முகத்தில்
ஒரு சின்ன வெயில்.
டேக் என்று ஒரு குட்டிச் சொல் போட்டிருக்க வேணுமாம்.
போடாததால்
லீவு கேட்டவளே லீவாகிவிட்டாள்.

ஆபீஸ் வாசலில் "வெயிட்" என்றார் கிளாக்கர்.
கொழுந்து மடுவத்திலும் இதே சொல்தான்.
அங்கே தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.
இங்கே ரெண்டு மணி நேரம் நின்றேன்.
அந்த வெயிட்டைக் கழிக்கவுமில்லை, எழுதவுமில்லை.

துரை நல்ல மனுசன்தான், இளவட்டம்.
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நான் சொன்னேன்,
சேர், பதினொரு வருசமா லீஃப் எடுக்கிறேன்.
எங்க வாயில லீஃபும் லீவும் ஒண்ணு.
ஒண்ணை இருபது கிலோ குடுத்தாத்தான்
மத்ததைக் கேட்கவே முடியும்.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை,
சிரித்தால் மன்னிப்பென்று எடுத்துக்கொள்வாரோ என்று.
கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுத்தார்.
திரும்பவும் ஆளானேன்.
அதற்குள் மணி பன்னிரண்டு. அன்றைக்கு அரைப்பேர்.

இன்று வகுப்பு முடியப்போகிற நேரம்
டீச்சரின் விரல் என் பக்கம் திரும்புகிறது.
"வாட் இஸ் யுவர் ஃபுல் நேம்?"
முழுப்பேர்.
வாய் முந்திக்கொண்டது:
"வெள்ளிக்கிழமை, டீச்சர்.
வியாழக்கிழமை அரைப்பேர்தான்."
டவுன் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.
பின்வரிசையில் பொகவந்தலாவைப் பையன் ஒருவன்
மேசையில் தலையைப் போட்டுச் சிரிக்கிறான்,
நிறுத்த முடியாமல்.

எழுந்து பலகைக்குப் போகிறேன்.
புவனமலர்.
அடையாள அட்டையில் ஒரு மாதிரி இருக்கிறது,
பிறப்புப் பதிவில் வேறு.
சேமலாப நிதிக்காரர்கள் இது மூன்றாவது ஆள் என்கிறார்கள்.
சொல்லும்போது ஒண்ணுதான், டீச்சர்.
சோக்கட்டி கையில் ஈரமாகிறது.
ஒரு பி எழுதினேன்.
எந்தப் பி என்று
தமிழில் உங்களுக்கு நான் எப்படிச் சொல்ல.