கயிற்றின் நீளம்

கோட்டைத் தாண்ட அனுமதி இல்லை என்றார்கள்.
விண்ணப்பம் மூன்று முறை போய்
மூன்று முறையும் வேறு வேறு முத்திரையோடு திரும்பியது.
அதனால் படகைக் கட்டிப்போட்டுவிட்டுத்
துடுப்புப் போட்டோம்,
மண்டபம் தென்கடலில்,
கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

பெருங்கடலுக்கு நாற்பத்தொரு நாள் என்று கணக்கு.
இங்கேயும் அதே நாற்பத்தொன்று.
இரண்டு மணி நேரம் நான்
இரண்டு மணி நேரம் வேதாளை ஷமீலா.
ஒரே படகில் பேச்சு அதிகமில்லை.
அவள் எழுந்துபோன இருக்கையின் சூட்டை வைத்து
அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

முதல் வாரம்
வள்ளத்தில் போனவர்கள் சிரித்தார்கள்.
"ஏ மெர்சலின், எந்த ஊரு வந்திருக்கு?"
"மண்டபந்தான்."
பாசிக்குப் போகிற பெண்கள் மட்டும்
உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள்.
பார் கிழித்த தங்கள் விரல்களில் சுற்றியிருந்த துணியில்
பாதியைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

பதினேழாம் நாள்
கச்சான் முன்கூட்டியே வந்துவிட்டது.
ஓடுகிற படகு அலையோடு பேரம் பேசும்.
இது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
விறைத்த கயிற்றில்
பல்லைக் கடிக்கிற சத்தம்.
ஷமீலா வாந்தி எடுத்தாள்
வாயைத் துடைக்காமலே துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் கிண்டல் பண்ணவில்லை
என்று சொல்ல மாட்டேன். பண்ணினார்கள்.
ஆனால் ஒருநாள் ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்தபடி
ரொட்ரிகோ அண்ணன் கேட்டார்,
"இப்ப எந்த ஊரு?"
ஷமீலா விளையாட்டாகச் சொன்னாள்,
"மாலத்தீவு தாண்டியாச்சு."
அவர் மேற்கே பார்த்தார்,
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அங்கிட்டு நீரோட்டம் இழுக்கும். பாத்துக்கங்க."

முப்பத்தாறாம் நாள் இரவு
துடுப்பு திடீரென்று லேசானது.
கண்ணை மூடினால் நகர்வதும்
திறந்தால் நிற்பதும் பழகிப்போயிருந்தது.
இப்போது திறந்தேதான் இருந்தேன்.
பாம்பன் விளக்கு
இருந்த இடத்தில் இல்லை.

ஷமீலா வெளியே வந்தாள். அவள் முறை இல்லை.
அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்,
ஈரத்தில் பிரிந்து பிரிந்து, அணில் வால் மாதிரி.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் துடுப்பை நிறுத்தவும் இல்லை.

பதினொரு துடுப்பு.

மிதவைக்குத் திரும்ப
எதிர்க்காற்றில் இருபத்தெட்டு ஆனது.
முடிச்சுப் போட்டு இறுக்கி
பல்லால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.
முப்பத்தொன்பதையும் நோட்டில் எழுதவா என்று கேட்டேன்.

"அது கணக்குல வராது" என்றாள்.
"அது நெசமாவே போனது."