ஏழு (அ)

விடுமுறைக்கால வகுப்புக்கு நிதியுதவி விண்ணப்பம்.
நாலு பக்கம். கறுப்பு மையால் மட்டும் நிரப்புக.
என்னிடம் இருந்தது நீலம்.
குருமண்வெளித் துறையடிக் கடையில்
கறுப்புப் பேனை நாற்பது ரூபாய்.
உதவி கேட்கிற செலவு அங்கேயே தொடங்கிற்று.

எங்கள் பக்கம் பாதை என்றால் மிதப்பது.
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு லாண்ட்மாஸ்டர்,
ஐஸ் ஒழுகும் மீன்பெட்டி, நான்.
எழுவான்கரை விலக, படுவான்கரை வர,
பலகையில் குந்தியிருந்து
நிரந்தர முகவரி எழுதினேன்.
கச்சான் தாளைக் கிளப்பியதில்
மண்டூரின் 'ண்' மட்டும்
வாவிப்பக்கம் இழுபட்டுப் போயிற்று.

நாலு: தந்தையின் தொழில்.
வேளாண்மைக் கூலி என்று போட்டேன்.
வெட்டுக்கு மிஷின் வந்த பிறகு
வருசத்தில் எத்தனை நாள் என்று
நல்லவேளை கேட்கவில்லை.
ஐந்து: தாய். குவைத். வீட்டுப் பணி.
ஆறு: மாத வருமானம்.
அம்மா அனுப்புவது எண்பதாயிரம்.
எழுதிவிட்டுப் பார்த்தேன்.
அந்த இலக்கத்துக்குள் குடியிருக்கும் ஆட்கள் மேல்
எனக்கே பொறாமை வந்தது.
ஏழு: சொந்த வாகனம் உண்டா?
அவ்வளவுதான். கடனுக்குக் கட்டம் இல்லை.

கிராம சேவகர் தவப்பிரகாசம் சேர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எண்பதெண்டு போட்டாக் கிடைக்காது புள்ள.
முப்பதெண்டு போடு, ஒப்பம் வைக்கிறன்.
எல்லாரும் அப்பிடித்தான்."
கெட்ட மனுசன் இல்லை.
போன வெள்ளத்தில் எங்கள் காஸ் அடுப்பை
தலையில் தூக்கிக் கரை சேர்த்தவர்.
யோசிச்சிட்டு வாறன் சேர் என்றேன்.

யோசிப்பதற்கு ஒரு வெற்றுத்தாள்.
அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன்.
நீலச் சேட்டு, கிழமைக்கு 3,400.
மஞ்சள் சேட்டு, 2,850.
கட்டம் போட்ட சேட்டு, 4,100.
நாலு கிழமை.
ஏஜென்சிக் காசுக்கு ஈடு வைத்த சங்கிலியின் வட்டி, 6,000.
கழித்தேன்.
32,600.

புள்ளிவிபரவியலில் எனக்கு முப்பத்தெட்டுப் புள்ளி.
அந்தப் பாடத்துக்குத்தான் இந்த வகுப்பு.
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒரு கணக்கு ஒரே தரத்தில் சரிவந்து
சேர் சொல்லித்தந்த பொய்க்குப் பக்கத்தில்
போய் நின்றது.

எண்பதை அழிக்கவில்லை.
தாளின் தலைப்பில் ஏழு (அ) என்று எழுதினேன்.
சேர் இரண்டு தரம் வாசித்தார்.
ஒப்பத்தை வழமையைவிடச் சின்னதாக வைத்தார்.

வந்தாறுமூலை. நலன்புரிக் கிளை.
மிஸ் பக்கங்களை எண்ணினா.
"நாலுதானே? இது என்ன அஞ்சாவது?
மேலதிகத் தாள் எடுக்கிறல்ல."
எடுக்காததை எடுத்து வாசித்தா.
மின்விசிறி மூலையை மடிக்க
விரலால் அமத்திப் பிடித்தா.
நீலச் சேட்டில் விரல் நின்றது.

"உங்களுக்கு எந்த நாள்?"
"வெள்ளி, மிஸ்."
"எங்களுக்கு வியாழன்."

ஸ்டேப்ளரில் கம்பி இல்லை.
சாறி முந்தானையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி
ஐந்து தாளையும் சேர்த்துக் குத்தி
கட்டின் நடுவில் செருகினா,
மேலே இல்லை, அடியிலும் இல்லை.
முடிவு எப்ப மிஸ் என்றேன்.
வகுப்புத் தொடங்கினாப் பிறகு வரும் என்றா.

நான் துறைக்கு வர, பாதை அக்கரையில் நின்றது.
பையில் கறுப்புப் பேனை.
இன்னும் முக்கால்வாசி மை இருக்கு.